எதை வைத்துப் பிரிப்பது?

1973ஆம் ஆண்டு இலையுதிர்ப் பருவச் சேர்க்கையின்போது, பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் முதுநிலைப் படிப்புகளுக்குப் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். ஆண்களில் ஏறத்தாழ 44 விழுக்காட்டினருக்கு இடம் கிடைத்தது. பெண்களில் 35 விழுக்காட்டினருக்குத்தான் கிடைத்தது. இவ்வளவு பெரிய எண்ணிக்கையில் இப்படியொரு இடைவெளி தற்செயலாக வருவதில்லை. பாரபட்சம் நடந்திருக்கிறது என்றே யாருக்கும் தோன்றும். பீட்டர் பிக்கெல், யூஜின் ஹாமெல், வில்லியம் ஓ'கானல் ஆகிய மூவரும் அதே விண்ணப்பங்களைத் துறைவாரியாகப் பிரித்து ஆராய்ந்து, 1975இல் 'சயன்ஸ்' இதழில் கட்டுரை வெளியிட்டார்கள். துறைக்குள் இறங்கிப் பார்த்தபோது பெரும்பாலான துறைகளில் பெண்களுக்கு எதிரான சாய்வு தென்படவில்லை. துறை வேறுபாட்டைக் கணக்கில் எடுத்தபின் மொத்த முடிவு பெண்கள் பக்கமே சற்றுச் சாய்ந்திருந்தது.

எஸ்க்யூஎல் மொழியில் குரூப் பை எழுதுகிறவர் ஒவ்வொரு முறையும் எடுப்பது அந்த மூவரும் எடுத்த முடிவைத்தான்: எதை வைத்துப் பிரிப்பது? கற்றுக்கொள்ள வேண்டிய இலக்கணம் கொஞ்சம்தான், ஒரு மாலையில் முடிந்துவிடும். குரூப் பைக்குப் பின்னால் எந்த நெடுவரிசையை எழுதுவது என்பதில்தான் நாள்கணக்கில் யோசிக்க வேண்டியிருக்கிறது. அதனால் இந்த அத்தியாயம் பெர்க்லி தரவையே கையில் வைத்துக்கொண்டு நகர்கிறது.

அந்தத் தரவில் ஆறு பெரிய துறைகளுக்கான பகுதி, ஆர் மொழியை நிறுவும்போதே இலவசமாகக் கூடவே வந்துவிடுகிறது. துறைகளின் பெயர் அதில் இல்லை. ஏ முதல் எஃப் வரை எழுத்துகள் மட்டுமே. மொத்தம் 4,526 பேர். ஆளுக்கு ஒரு வரியாக 'விண்ணப்பம்' என்ற அட்டவணையில் ஏற்றிக்கொண்டால் எண், துறை, பாலினம், முடிவு என்று நான்கு நெடுவரிசைகள் போதும். முடிவு என்ற இடத்தில் 'சேர்ப்பு' அல்லது 'மறுப்பு' இருக்கும். முதல் குவெரி இது:

செலக்ட் பாலினம், கவுன்ட்(*)
ஃப்ரம் விண்ணப்பம்
குரூப் பை பாலினம்;

விடையில் இரண்டே வரி. ஆண் 2,691, பெண் 1,835. டேட்டாபேஸ் 4,526 வரிகளையும் பாலினத்தைப் பார்த்து இரண்டு குவியலாக்கி, ஒவ்வொரு குவியலையும் ஒரு வரியாகச் சுருக்கிவிட்டது. சுருக்கியபின் அங்கே தனிமனிதர் யாரும் இல்லை. விடையில் உள்ள ஒரு வரி இப்போது ஒரு விண்ணப்பதாரரைக் குறிக்கவில்லை, ஒரு பாலினத்தைக் குறிக்கிறது.

இதை மனத்தில் இருத்திக்கொள்ள எளிய பழக்கம் ஒன்று உண்டு. குவெரியில் கை வைக்குமுன், விடையின் ஒரு வரி எதைக் குறிக்கப்போகிறது என்று தாளில் ஒரு வாக்கியமாக எழுதிவிட வேண்டும். 'துறைக்கு ஒரு வரி.' 'ஒவ்வொரு துறையிலும் பாலினத்துக்கு ஒரு வரி.' அந்த வாக்கியத்தில் வரும் துறையும் பாலினமும் அப்படியே குரூப் பைக்குள் போய் உட்காரும். வாக்கியம் எழுத வரவில்லை என்றால் கேள்வியே இன்னும் தெளிவாகவில்லை என்று பொருள். அந்த நிலையில் குவெரியைத் தட்டச்சு செய்வதில் பயனில்லை.

புதிதாகக் கற்பவர்கள் சந்திக்கும் முதல் பிழைச் செய்தியும் இந்த இடத்தில்தான் வருகிறது. குரூப் பை பாலினம் என்று வைத்துக்கொண்டே செலக்ட் வரிசையில் துறையையும் சேர்த்துவிடுகிறார்கள். 2,691 ஆண்களும் ஆறு துறைகளில் சிதறிக் கிடக்கிறார்கள். அவர்களுக்கான ஒற்றை வரியில் எந்தத் துறையை அச்சிடுவது? போஸ்ட்கிரெஸ், ஆரக்கிள், எஸ்க்யூஎல் சர்வர் ஆகிய மூன்று டேட்டாபேஸ்களும் இந்தக் குவெரியை ஏற்பதில்லை. செலக்டில் வரும் நெடுவரிசை குரூப் பையிலும் இருக்க வேண்டும். இல்லையேல் கவுன்ட், சம், மேக்ஸ் போன்ற ஏதாவதொரு சுருக்கும் ஃபங்ஷனுக்குள் இருக்க வேண்டும்.

மைஎஸ்க்யூஎல் நெடுங்காலம் இதைக் கண்டுகொள்ளாமல் விட்டது. குழுவில் கைக்கு அகப்பட்ட ஏதோ ஒரு வரியின் மதிப்பை எடுத்துப் போட்டுவிடும். பிழைச் செய்தி வராது. 2015இல் வெளியான 5.7 பதிப்பிலிருந்து 'ஒன்லி ஃபுல் குரூப் பை' என்ற கட்டுப்பாடு இயல்பாகவே இயங்கத் தொடங்கியது. பழைய மென்பொருள்களில் ஆண்டுக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்த குவெரிகள் ஒரே நாளில் நின்றன. இன்றும் இணையத்தில் தேடினால் அந்தக் கட்டுப்பாட்டை அணைத்துவிடச் சொல்லும் ஆலோசனைதான் முதலில் கண்ணில் படும். அது ஆபத்தான ஆலோசனை. பிழைச் செய்திதான் மறையும். தவறான எண் அறிக்கையில் அப்படியே இருக்கும். எந்த மதிப்பு வந்தாலும் பரவாயில்லை என்று உண்மையிலேயே தெரிந்தால், எனி வேல்யூ என்ற ஃபங்ஷனை எழுதி அதை வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். அது மைஎஸ்க்யூஎல் 5.7 முதலும் போஸ்ட்கிரெஸ் 16 முதலும் இருக்கிறது. கைபேசிச் செயலிகள் பலவற்றுக்குள் இருக்கும் எஸ்க்யூலைட் இன்னும் பழைய தாராளத்தோடுதான் நடந்துகொள்கிறது; அங்கே வேலை செய்கிறவர் தாமே கண்காணித்துக்கொள்ள வேண்டும்.

இனிச் சேர்க்கை விகிதம். இடம் கிடைத்தவர்களை மட்டும் எண்ணக் கேஸ் துணைபுரிகிறது:

செலக்ட் துறை, பாலினம்,
கவுன்ட்(*) ஆஸ் மொத்தம்,
சம்(கேஸ் வென் முடிவு = 'சேர்ப்பு' தென் 1 எல்ஸ் 0 எண்ட்) ஆஸ் சேர்ந்தவர்
ஃப்ரம் விண்ணப்பம்
குரூப் பை துறை, பாலினம்;

செலக்டிலிருந்தும் குரூப் பையிலிருந்தும் துறையை எடுத்துவிட்டு ஓட்டினால் கிடைப்பது இரண்டு வரி: ஆண் 2,691 பேரில் 1,198, அதாவது 44.5 விழுக்காடு; பெண் 1,835 பேரில் 557, அதாவது 30.4 விழுக்காடு. முழுப் பல்கலைக்கழகத்தில் இருந்த இடைவெளியைவிட இந்த ஆறு துறைகளில் இடைவெளி இன்னும் பெரிது. துறையைத் திரும்பச் சேர்த்தால் இரண்டு வரி பன்னிரண்டாக விரிகிறது:

ஏ: ஆண் 825இல் 512 (62.1), பெண் 108இல் 89 (82.4)
பி: ஆண் 560இல் 353 (63.0), பெண் 25இல் 17 (68.0)
சி: ஆண் 325இல் 120 (36.9), பெண் 593இல் 202 (34.1)
டி: ஆண் 417இல் 138 (33.1), பெண் 375இல் 131 (34.9)
இ: ஆண் 191இல் 53 (27.7), பெண் 393இல் 94 (23.9)
எஃப்: ஆண் 373இல் 22 (5.9), பெண் 341இல் 24 (7.0)

ஆறில் நான்கு துறைகளில் பெண்களின் விகிதம்தான் அதிகம். ஏ துறையில் இருபது விழுக்காட்டுப் புள்ளிகள் கூடுதல். பிறகு மொத்தத்தில் எப்படிப் பின்தங்கினார்கள்? காரணம் விகிதத்தில் இல்லை, மொத்தம் என்ற நெடுவரிசையில் இருக்கிறது. எளிதில் இடம் தரும் ஏ, பி துறைகளுக்கு விண்ணப்பித்த ஆண்கள் 1,385 பேர். ஆண்களில் பாதிக்கும் மேல். பெண்கள் வெறும் 133 பேர். பெண்களில் பெரும்பகுதியினர் சி, டி, இ, எஃப் என்று கதவு இறுகிய துறைகளுக்கே விண்ணப்பித்திருக்கிறார்கள். விழுக்காட்டை மட்டும் அச்சிட்டிருந்தால் இது கண்ணுக்கே தெரிந்திருக்காது. ஆகவே விழுக்காடு அச்சிடும் எந்தக் குவெரியிலும் பக்கத்தில் கவுன்ட்(*) இருந்தாக வேண்டும்.

இங்கே இரண்டு பொறிகள் காத்திருக்கின்றன. முதலாவது வகுத்தல். போஸ்ட்கிரெஸிலும் எஸ்க்யூஎல் சர்வரிலும் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் முழு எண்தான் வரும். 557ஐ 1,835ஆல் வகுத்தால் விடை பூஜ்யம். மேலே 100.0 என்று தசமப் புள்ளியோடு பெருக்கிவிட்டால் சரியாகிவிடும். மைஎஸ்க்யூஎல், ஆரக்கிள் இரண்டிலும் இந்தச் சிக்கல் இல்லை. அதனால்தான் ஓரிடத்தில் எழுதிப் பழகியவர்கள் மற்றோரிடத்தில் திகைக்கிறார்கள்.

இரண்டாவது பொறி இதைவிடக் கொடியது. துறைவாரி விகிதங்கள் கைவசம் இருக்கின்றன. அவற்றின் மேல் ஏவிஜி போட்டால் மொத்தச் சராசரி கிடைத்துவிடும் என்று தோன்றும். பெண்களின் ஆறு விகிதங்களையும் கூட்டி ஆறால் வகுத்தால் 41.7 வருகிறது. உண்மை 30.4. ஆண்களுக்கு 38.1 வருகிறது, உண்மை 44.5. பெண்கள் முந்திவிட்டார்கள்! 25 பேர் கொண்ட குழுவுக்கும் 593 பேர் கொண்ட குழுவுக்கும் ஒரே எடை கொடுத்ததன் விளைவு இது. அலுவலகங்களில் மாதச் சராசரிகளை வைத்து ஆண்டுச் சராசரி போடும்போதும், கிளைவாரி விழுக்காடுகளை வைத்து நிறுவன விழுக்காடு சொல்லும்போதும் இந்தப் பிழை தினமும் நடக்கிறது. இடைநிலை அட்டவணையில் சராசரியைச் சேமிக்கவே கூடாது. தொகுதி எண், பகுதி எண் இரண்டையும் தனித்தனியாகச் சேமித்து, கடைசியில் ஒரே ஒருமுறை வகுக்க வேண்டும்.

வேர், ஹேவிங் இரண்டும் வடிகட்டும் வேலையைத்தான் செய்கின்றன. வடிகட்டும் நேரம்தான் வேறு. வேர் வரிகளை வடிகட்டுகிறது, குழு உருவாகும் முன். ஹேவிங் குழுக்களை வடிகட்டுகிறது, குழு உருவான பின். நூறு பேருக்குக் குறைவான குழுவின் விகிதத்தை நம்ப முடியாது என்று ஒருவர் கருதினால், ஹேவிங் கவுன்ட்(*) >= 100 என்று கடைசியில் சேர்க்கலாம். பன்னிரண்டில் பி துறைப் பெண்கள் 25 பேர் கொண்ட வரி மட்டும் விழுந்து, பதினொன்று மிஞ்சும். அதே குவெரியில் வேர் முடிவு = 'சேர்ப்பு' என்றும் சேர்த்துவிட்டால் ஆறு வரிதான் மிஞ்சும். ஏனெனில் ஹேவிங் இப்போது எண்ணுவது விண்ணப்பித்தவர்களை அல்ல, இடம் கிடைத்தவர்களை. ஏ துறைப் பெண்கள் 89 பேரும் காணாமல் போய்விடுவார்கள். எஞ்சிய வரிகளில் விகிதம் நூற்றுக்கு நூறு என்று வந்து நிற்கும்; மறுக்கப்பட்டவர்கள் வாசலிலேயே தடுக்கப்பட்டுவிட்டதால் வகுக்க வேண்டிய மொத்தமே இல்லை. விகிதம் கணக்கிடும் குவெரியில் இத்தகைய நிபந்தனைக்கு உரிய இடம் சம்மின் உள்ளே இருக்கும் கேஸ்தான். போஸ்ட்கிரெஸ் 9.4 முதல் இதையே ஃபில்டர் என்ற சொல்லால் இன்னும் தெளிவாக எழுதலாம்.

பெர்க்லி அட்டவணையில் வெற்றிடம் இல்லை. நிஜ வாழ்க்கையின் அட்டவணைகளில் நிறைய உண்டு. நல் என்ற அந்த வெற்று மதிப்பு சாதாரண ஒப்பீட்டில் இன்னொரு நல்லுக்குச் சமமாவதில்லை, ஆனால் குரூப் பை எல்லா நல்களையும் ஒரே குழுவாக்குகிறது. கவுன்ட்(*) வரிகளை எண்ணுகிறது. கவுன்ட்(மதிப்பெண்) என்றால் மதிப்பெண் உள்ள வரிகளை மட்டும் எண்ணுகிறது. பத்து மாணவர்களில் இருவர் தேர்வு எழுதவில்லை, அவர்களின் மதிப்பெண் நல் என்றால், ஏவிஜி எட்டால்தான் வகுக்கும். அது சரியா தவறா என்பதை மொழி சொல்லாது, பள்ளிதான் சொல்ல வேண்டும். துறைகளின் பட்டியல் உள்ள ஓர் அட்டவணையோடு விண்ணப்பத்தை லெஃப்ட் ஜாயின் போட்டு இணைத்து 'விண்ணப்பமே வராத துறைகளையும் காட்டு' என்று கேட்கும்போது கவுன்ட்(*) எழுதினால் அந்தத் துறைக்கு 1 என்று வரும், ஏனென்றால் அங்கே வெறுமையான ஒரு வரி நிற்கிறது. கவுன்ட்(விண்ணப்பம்.எண்) என்று எழுதினால்தான் 0 வரும்.

ஜாயினைத் தொட்டாயிற்று, அதன் பெரிய ஆபத்தையும் சொல்லிவிட வேண்டும். பரிந்துரைக் கடிதங்களுக்கு ஓர் அட்டவணை இருக்கிறது, ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் மூன்று கடிதங்கள் என்று வைத்துக்கொள்வோம். விண்ணப்பத்தோடு அதை இணைத்த கணத்தில் 4,526 வரிகள் 13,578 ஆகிவிடும். அதன் மேல் விண்ணப்பக் கட்டணத்தைச் சம் போட்டால் கட்டணம் மூன்று மடங்கு. எல்லோருக்கும் சரியாக மூன்று என்றால் மடங்கு கண்ணில் பட்டுவிடும். சிலருக்கு இரண்டு, சிலருக்கு நான்கு என்றால் எண் நம்பத்தகுந்த மாதிரியே வீங்கியிருக்கும். யாருக்கும் சந்தேகம் வராது. எண்ணிக்கையைக் கவுன்ட்(டிஸ்டிங்ட் எண்) காப்பாற்றும். தொகையைச் சம்(டிஸ்டிங்ட் கட்டணம்) காப்பாற்றாது. இரண்டு பேர் ஒரே தொகை கட்டியிருந்தால் ஒருவருடையது மறைந்துபோகும். சரியான வழி, கடித அட்டவணையை முதலில் தனியாக விண்ணப்ப எண்ணால் குரூப் பை செய்து விண்ணப்பத்துக்கு ஒரு வரியாக்கிவிட்டு, பிறகு இணைப்பது. இணைத்தபின் எல்லாக் குழுக்களின் கவுன்ட்(*) எண்ணிக்கையையும் கூட்டி மூல அட்டவணையின் 4,526ஓடு ஒப்பிட்டுப் பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது.

தமிழில் தரவு வைத்திருப்பவர்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. ஊர்ப் பெயரால் குரூப் பை செய்தால் 'கோவை' இரண்டு வரிகளாக வருவதுண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. யூனிகோடில் 'கோ' என்ற எழுத்தின் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். முன்னே வரும் ஏகாரக் கொம்பு, பின்னே வரும் கால் என்று இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். தட்டச்சு மென்பொருளைப் பொறுத்து இரண்டு விதமாகவும் வந்து சேரும். போஸ்ட்கிரெஸ் இயல்பாக இவற்றை வெவ்வேறு சொற்களாகவே எடுத்துக்கொள்கிறது. கொ, கோ, கௌ வரிசை எழுத்துகள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். 13ஆம் பதிப்பு முதல் போஸ்ட்கிரெஸில் நார்மலைஸ் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. தரவு உள்ளே நுழையும்போதே அதன் வழியாக அனுப்பிவிடுவது நல்லது. ஊர்ப் பெயரின் முன்பின் இடைவெளியை நீக்குவதையும் அதே இடத்தில் செய்துவிடலாம்.

தேதியிலும் கவனம் தேவை. மணி, நிமிடம், நொடி எல்லாம் சேர்ந்த நெடுவரிசையால் குரூப் பை செய்தால் நொடிக்கு ஒரு குழு வரும். நாளாக வெட்டிய பிறகே பிரிக்க வேண்டும். மாதத்தை மட்டும் பிரித்தெடுத்தால் எல்லா ஆண்டுகளின் ஜனவரியும் ஒன்றாகக் கலந்துவிடும். சர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது என்றால் அதன் நாள் தொடங்குவது இந்திய நேரம் காலை 5.30க்கு. கோயம்பேடு சந்தைபோல விடியுமுன்பே வியாபாரம் சூடுபிடிக்கும் இடத்தில், அதிகாலை விற்பனையெல்லாம் முந்தைய நாள் கணக்கில் ஏறிவிடும். நாளாக வெட்டுவதற்கு முன்பே இந்திய நேரத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

துறைவாரி மொத்தமும் வேண்டும், அடியில் பெருமொத்தமும் வேண்டும் என்று கணக்குப் பிரிவில் கேட்பார்கள். அதற்காக மூன்று குவெரி எழுதி ஒட்டத் தேவையில்லை. ஜிம் கிரேயும் அவருடைய சகாக்களும் 1990களின் நடுவில் முன்வைத்த 'டேட்டா கியூப்' யோசனை எஸ்க்யூஎல் மொழியின் 1999ஆம் ஆண்டுத் தரநிலையில் இடம்பெற்றது. குரூப் பை ரோல்அப்(துறை, பாலினம்) என்று எழுதினால் பன்னிரண்டு வரிகளோடு ஆறு துறை மொத்தமும் ஒரு பெருமொத்தமும் சேர்ந்து 19 வரி. ரோல்அப் இடத்தில் கியூப் போட்டால் பாலின மொத்தம் இரண்டும் சேர்ந்து 21. மொத்த வரிகளில் பிரிக்காத நெடுவரிசை நல் என்று இருக்கும். தரவிலேயே நல் இருந்தால் எது மொத்தம், எது வெற்றிடம் என்று குழப்பம் வரும். குரூப்பிங் என்ற ஃபங்ஷன் அதைத் தீர்த்து வைக்கிறது: மொத்த வரிக்கு 1, மற்றதற்கு 0. பெர்க்லி தரவுக்குக் கியூப்தான் பொருத்தம். 44.5, 30.4 என்ற மொத்த விகிதங்களும் அவற்றைத் தலைகீழாக்கும் துறைவாரி விகிதங்களும் ஒரே விடையில் அருகருகே வந்து நிற்கும்.

விடை எந்த வரிசையில் வரும் என்பது கடைசிக் கேள்வி. குழு பிரிக்க டேட்டாபேஸுக்கு இரண்டு வழி உண்டு. எல்லா வரிகளையும் அகரவரிசைப்படுத்தி, மதிப்பு மாறும் இடத்தில் வெட்டுவது ஒன்று. மற்றொன்று ஹாஷ் முறை: தபால் நிலையத்தில் பின்கோடு பார்த்து அறைகளில் கடிதம் போடுவதுபோல, ஒவ்வொரு வரியையும் வந்த வேகத்தில் அதனதன் அறையில் போட்டுக்கொண்டே போவது. முதல் முறையில் விடை தானாகவே வரிசையாக இருக்கும், இரண்டாவதில் இருக்காது. ஆரக்கிள் 10ஜி இரண்டாம் வெளியீட்டில் ஹாஷ் முறையைக் கொண்டுவந்தபோது, வரிசை தானாக வரும் என்று நம்பியிருந்த அறிக்கைகள் கலைந்தன. குரூப் பை செய்தால் வரிசைப்படுத்தியும் தரும் என்ற பழைய வழக்கத்தை மைஎஸ்க்யூஎல் 8.0 கைவிட்டபோது அதே கதை அங்கேயும் நடந்தது. குரூப் பைக்கு அடியில் ஆர்டர் பை துறை, பாலினம் என்று ஒரு வரி எழுதியிருந்தவர்களின் அறிக்கை இரண்டு முறையும் அசையவில்லை.